அக்காவைப் பற்றி ஒரு சாட்சி

9 பிப்ரவரி 1997

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் எனக்குச் சின்ன வகுப்பைத் தள்ளிவிட்டார்கள். நோவாவின் பேழைக் கதை. எல்லா மிருகமும் ஜோடி ஜோடியாக ஏறியது என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பயல் எழுந்து, "அக்கா, சாணியெல்லாம் யாரு அள்ளுனா?" என்றான். போன வருடம் என்னைப் பேட்டி கண்ட கமிட்டியில் ஒருவர்கூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை.

பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி நான் போகவில்லை. ஐயர் தரப்போகும் நற்சான்றிதழில் 'ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை' என்று ஒரு வரி வரவேண்டும், அதற்காகப் போகிறேன். எங்கள் கிருபாபுரத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். பாட்டுக்குழுவிலும் சேர்ந்துவிட்டேன். என் குரலைக் கேட்டு ஆர்கன் வாசிக்கிறவர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

பிஷப்பின் தலைமையில் உள்ள எங்கள் திருமண்டலம் வருடத்துக்கு ஒரே ஒரு பிள்ளையைத்தான் மிஷன் மெடிக்கல் காலேஜுக்குச் சிபாரிசு செய்யும். படித்து முடித்ததும் எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். போன வருடம் கமிட்டியில், ஏன் டாக்டராக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். "எனக்கு பயாலஜி நல்லா வரும், மார்க்கும் இருக்கு" என்றேன். அது உண்மை. சிபாரிசு பக்கத்து ஐயரின் சேகரத்து ஸ்டான்லிக்குப் போயிற்று. அவன் சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்து, ஜெபத்தால் பிழைத்தவனாம். கை முறிந்து எவன் செத்தான்?

அதன் பிறகு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு வடாம் பிழிய ஒரு ஆள் கிடைத்தது.

12 பிப்ரவரி

சாலமோன் பெரியப்பா வந்திருந்தார். திருமண்டலக் கவுன்சிலில் உறுப்பினர். எந்தக் கமிட்டியில் யார், யாருக்கு யார் வேண்டியவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த வருடக் கமிட்டிக்கு, முன்பு எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் எட்வின் தலைவர் என்றார். அப்பா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"ஏளா ஜெனிட்டா, உனக்கு அறிவு இருக்கு. அங்க அறிவையா கேக்கான்? சாட்சி இருக்கான்னுல்லா கேக்கான்" என்றார் பெரியப்பா. சாட்சி என்றால், கடவுள் நம் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று நாலு பேர் முன்னால் சொல்வது.

"எனக்கு ஒண்ணும் நடக்கலையே பெரியப்பா. நான் எந்த மரத்துல இருந்தும் விழல."

"உனக்கு நடக்கலைன்னா என்ன. வீட்டுல நடந்திருக்குல்லா."

சொல்லிவிட்டு பியூலா அக்கா இருந்த பக்கம் பார்த்தார். அக்கா ஜன்னலுக்குக் கீழே டைப்ரைட்டரில் யாருடைய பட்டா மனுவையோ அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்காது. பதிமூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயிற்று. அதுவரை பேசியவள் ஆதலால் பேசுவாள், ஆனால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. நாம் அவள் முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம். எங்கள் வீட்டில் பேசியும் இருக்கிறோம்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

13 பிப்ரவரி

குழாயில் தண்ணீர் வரவில்லை. பாட்டுக்குழுப் பயிற்சி. கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைத்தேன்.

16 பிப்ரவரி

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அக்காவுக்குக் காய்ச்சலும் வாந்தியும் தலைவலியும். அப்பா மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் எட்வின் அங்கே இல்லை. பக்கத்து ஊரில் கன்வென்ஷன், பல நாள் நடக்கிற நற்செய்திக் கூட்டம். அவருக்கு நல்ல கனத்த குரல், பாட்டுக்குழுவில் அவர் இல்லாமல் முடியாது. சிஸ்டர் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, டாக்டர் நாளைக்கு வந்துவிடுவார் என்றார். மறுநாளும் வரவில்லை, கன்வென்ஷன் ஒரு நாள் நீண்டுவிட்டது. அக்கா கழுத்தை அசைக்கமுடியாமல் கிடந்தாள். அம்மா, பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்று அழுதாள். அப்பா போகவில்லை. டாக்டர் எட்வின்தான் அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தாளாளர். அப்பாவின் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. தாளாளரின் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வெளி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவரை அவமானப்படுத்தினதாக ஆகும் என்று அப்பா நினைத்தார். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார், பார்த்தார், ஊசி ஆரம்பித்தார். அக்கா பிழைத்தாள். கண் விழித்ததும், ஏன் யாரும் பேசமாட்டேங்கிறீங்க என்று கேட்டாளாம். அடுத்த ஜூனில் அப்பாவின் வேலை நிரந்தரமாயிற்று.

அக்கா அதன் பிறகு டாக்டர் எட்வினுக்குத் தோத்திரம் சொல்வதில்லை. கோவில் வாசலில் பெரியவர்களைப் பார்த்தால் கைகூப்பித் தோத்திரம் சொல்லவேண்டும், அது இங்கே கட்டாயம். அவரைக் கண்டால் அக்கா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். ஊரில் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

20 பிப்ரவரி

அப்பா சாட்சியை எழுதி முடித்தார். கணக்கு வாத்தியார் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. 'எனது மூத்த மகள் நோயுற்றாள். மிஷன் மருத்துவமனை அவளைக் காப்பாற்றியது. இதைக் கண்ட என் இளைய மகள் மருத்துவப் பணிக்குத் தன்னை அர்ப்பணித்தாள்.' இதைப் படித்து எவன் அழுவான்?

நான் உட்கார்ந்து திருத்தினேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு அப்பா மழையில் ஓடியதைச் சேர்த்தேன். மழை பெய்யவில்லைதான். 'முதல் நாளே சிகிச்சை ஆரம்பிக்கப்பட்டது' என்று சேர்த்தேன். 'மருத்துவர் அவளுடைய படுக்கையை விட்டு அகலவில்லை' என்றும். அப்படி இல்லாமல் வாக்கியத்துக்கு ஓட்டம் வரவில்லை. அப்பா படித்துப் பார்த்து, "முதல் நாளேன்னா போட்டிருக்க?" என்று மட்டும் கேட்டார். "மூணாம் நாள்னு போட்டா, ரெண்டு நாள் என்ன செஞ்சாங்கன்னு கேப்பாங்கப்பா" என்றேன். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

21 பிப்ரவரி

சாட்சியை டைப் அடித்துக் கொடுக்கவேண்டும். டவுனில் அடித்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்றார் பெரியப்பா. அப்படியானால் யார் அடிப்பது? நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அடுப்பைப் பார்த்தாள். கடைசியில் அப்பாதான் அந்தத் தாளை அக்காவின் டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சவேண்டும் என்று வெளியே போனார். எங்களுக்கு இருப்பது மூன்று வாழை.

அக்கா படித்தாள். பிறகு அடித்தாள். அவள் அடிப்பதைக் கேட்டால் தாளம் தப்பாது. நடுவில் நின்று, என்னைக் கூப்பிட்டு, "அகலவில்லைக்கு எந்த லகரம்?" என்று கேட்டாள், வழக்கம் போலத் தெருவுக்குக் கேட்கிற குரலில். நான் சொன்னேன். முடித்துத் தாளை உருவி என் கையில் கொடுத்தாள். ஒரு பிழை இல்லை.

கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்தது. மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாளாம்.

4 மார்ச்

மிஷன் ஆஸ்பத்திரியில் சேவை செய்தேன் என்று காட்டவேண்டும் என்பதால் தினமும் காலையில் போகிறேன். கட்டில்கள் பாதி காலி. ஒரு டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வந்துபோகிறார். இதற்கு முன் சிபாரிசு வாங்கிப் படித்தவர்களில் ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார், ஒருவர் மதுரையில் சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார். எல்லாரும் சாட்சி சொல்லிப் போனவர்கள்தான்.

நான் பஞ்சு உருட்டுகிறேன், காய்ச்சல் பார்க்கிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இதை வேறு எங்கும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். வெறும் பிடித்திருக்கிறது என்பது எந்தக் கமிட்டிக்கும் போதாது.

11 மார்ச்

இன்று ஒரு குழந்தையைக் கொண்டு வந்தார்கள். நான்கு வயது இருக்கும். காய்ச்சல், வாந்தி. இன்று டாக்டர் வராத நாள். சிஸ்டர் மாத்திரையை எடுத்தார். நான் குழந்தையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துக் கழுத்தை முன்னால் மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. வீலென்று கத்திற்று.

"சிஸ்டர், இதை இங்க வைக்காதீங்க. இப்பவே பாளையங்கோட்டைக்கு அனுப்புங்க" என்றேன்.

"டாக்டர் நாளைக்கு வருவாவ. நீ யாரு சொல்லுததுக்கு?"

நான் சிஸ்டரிடம் மல்லுக்கு நிற்கவில்லை. குழந்தையின் அப்பா லுங்கியோடு நின்றிருந்தார், அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய், இருக்கிற காசுக்கு ஒரு கார் பிடியுங்கள், நாளைக்கு என்றால் பிள்ளை இருக்காது என்றேன். அவர் யாரிடமும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார். அவருக்குத் தாளாளர் என்று ஒருவர் இல்லை.

வீட்டுக்கு வரும்போது ஒரு வருடத்தில் முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தேன்.

15 மார்ச்

குழந்தைக்கு மூளைக்காய்ச்சல்தானாம். நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்று பாளையங்கோட்டையில் சொன்னார்களாம். காது கேட்கிறது. அந்த அப்பா ஒரு சீப்பு நாட்டுப் பழத்தோடு வந்து எங்கள் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

பெரியப்பாவிடம், கமிட்டியில் இதையே சொல்கிறேன், இது எனக்கே நடந்தது, பொய் இல்லை என்றேன். அவர் பதறிப்போனார்.

"அதைச் சொல்லித் தொலைச்சிராத. மிஷன் ஆஸ்பத்திரில டாக்டர் இல்ல, சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியலன்னுல்லா அர்த்தம் ஆகுது. எட்வின் டாக்டர் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிரும். நீ அக்கா கதையைச் சொல்லு போதும்."

அக்கா பழத்தை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். என்ன பேசினோம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

22 மார்ச்

பெரியப்பா வீட்டில் ஒத்திகைப் பேட்டி. அவரும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். கடவுளின் அழைப்பு என்றால் என்ன? கிராமத்தில் கரண்ட் இல்லாத இடத்தில் வேலை செய்வாயா? கல்யாணம் ஆனால் கணவர் விடமாட்டார் என்றால்? எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடம். அக்கா கதையைச் சொல்லும்போது 'மழையில்' என்கிற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கவேண்டும் என்று பெரியப்பா சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது தடவை சொன்னபோது பெரியம்மா கண்ணைத் துடைத்தார். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டு வந்தவர் பெரியம்மா. அவருக்கே இப்போது மழை பெய்த மாதிரி ஞாபகம்.

28 மார்ச்

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. கால் மரத்துப்போயிற்று. டாக்டர் எட்வின் முன்வரிசையில். அக்கா செருப்பைத் தேடினாள்.

10 ஏப்ரல்

இடி விழுந்த மாதிரி ஒரு சேதி. கமிட்டியிலிருந்து ஆள் அனுப்பி, பேட்டிக்கு அக்காவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். சாட்சியைப் படித்து டாக்டர் எட்வின் மிகவும் நெகிழ்ந்துபோனாராம்.

அப்பா அக்காவின் எதிரே போய் நின்று, "நீ ஒண்ணும் பேசாண்டாம், சும்மா வந்து நில்லு போதும்" என்றார். அக்கா அவர் உதட்டைப் பார்த்தாள். "நான் வரலைன்னா இவளுக்குச் சீட் போயிருமா?" என்று கேட்டாள். அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். "சரி" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. சேலைக்கு ரவிக்கை இல்லையே என்ற கவலைதான் வந்தது.

17 ஏப்ரல்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அறையில் ஆறு பேர். டாக்டர் எட்வின் நடுவில். ரிட்டயர் ஆகி இளைத்துப்போயிருக்கிறார். நான் சாட்சி சொன்னேன். மழையில் நிறுத்தினேன். முதல் நாளே என்று சொன்னேன். படுக்கையை விட்டு அகலவில்லை என்று சொன்னபோது அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பிடித்துவிடுவார் என்று பயந்தேன். அவருக்குத் தெரியாதா?

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் மற்றவர்களைப் பார்த்து. "அன்னைக்கு என்ன மழை. இந்தப் பிள்ளையோட கையைப் புடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணிட்டே இருந்தேன். அந்தச் சமயம் கன்வென்ஷனுக்குக் கூப்பிட்டிருந்தாங்க, நான் போகலையே." அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நம்பித்தான் சொன்னார். நான் எழுதியதை நான்கூட அவ்வளவு நம்பவில்லை.

பிறகு எழுந்து அக்காவிடம் வந்து, நேராக நின்று, வாயை அகலமாகத் திறந்து, "ஞாபகம் இருக்கா பிள்ளே?" என்று கேட்டார்.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு கைகூப்பி, கட்டடமே அதிருகிற குரலில், "தோத்திரம் டாக்டர்" என்றாள். "ஞாபகம் இருக்கு."

சிபாரிசு எனக்குத்தான். வெளியே வந்ததும் பெரியப்பா எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார். அக்கா குடித்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் யாராலும் அவளிடம் எதுவும் சொல்ல முடியாது.

25 மே

நுழைவுத் தேர்வு எழுதினேன். நன்றாக எழுதியிருக்கிறேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இதற்கு யாருடைய காதும் தேவைப்படவில்லை.

14 ஜூன்

நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. மூன்று நாள் அங்கே தங்கவேண்டும். அம்மா பெட்டியில் ஊறுகாய் வைக்கப் பார்த்தாள், எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவளாக வந்து பேசியது இதுதான்.

"அங்க பெரிய டாக்டருங்க இருப்பாங்கல்லா."

இருப்பார்கள் என்றேன்.

"ஒண்ணு கேட்டுட்டு வாட்டி. மூணாம் நாள் ஊசி போட்டதுனாலதான் காது போச்சா, இல்ல முதல் நாளே போட்டிருந்தாலும் போயிருக்குமான்னு. எனக்கு அது தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுக்களையில் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அக்கா பேசினால் தெருவில் போகிறவனுக்கும் கேட்கும். ஒருவரும் வரவில்லை. நான் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "சத்தியமா?" என்றாள். சத்தியம் செய்தேன். பத்து வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டா மனு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களில் யாரும் அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதே இல்லை.

23 ஜூன்

காலேஜ் வந்து சேர்ந்தேன். இன்று பத்துப் பத்துப் பேராகப் பிரித்துப் பழைய பேப்பரையும் நூலையும் கொடுத்து ஒரு பாலம் கட்டச் சொன்னார்கள். யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் அதிகாரம் செய்கிறார்கள் என்று ஓரத்தில் நின்று குறித்துக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் பத்துப் பேரும் விட்டுக்கொடுத்ததால் பாலம் கட்டி முடியவில்லை.

25 ஜூன்

நேர்முகம் முடிந்தது.

மூன்று பேர். இரண்டு பேர் பொதுவாகக் கேட்டார்கள். மூன்றாமவர் நரைத்த தலையோடு ஒரு அம்மா, குழந்தைகள் பிரிவின் பேராசிரியர். அவர் முன்னால் திருமண்டலத்திலிருந்து அனுப்பிய கட்டு இருந்தது. மேலே அக்கா அடித்த தாள். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

ஒத்திகையில் வராத கேள்விகளாகவே கேட்டார். மழையைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. என்ன வயது, எத்தனை நாளில் கழுத்து இறுகியது, முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்களா, அக்கா இப்போது என்ன செய்கிறாள், சைகை மொழி தெரியுமா. ஒருத்தர் அக்காவைப் பற்றி இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு தாளிலிருந்து தலையை உயர்த்தி, "மருந்து எந்த நாள் ஆரம்பித்தார்கள்? சரியாகச் சொல். இங்கே முதல் நாள் என்று இருக்கிறது" என்று கேட்டார்.

அவர் என்னைச் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மூன்றாம் நாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கையில் உள்ள தாள் பொய், கையெழுத்துப் போட்ட கமிட்டி பொய், நான் பொய். ஸ்டான்லி மாதிரி வேறொருத்தன் உள்ளே போவான். இது என் இரண்டாவது வருடம், மூன்றாவது கிடையாது. அம்மா சித்தப்பா மூலம் மாப்பிள்ளை பார்க்கிறாள்.

"முதல் நாளே மேடம்" என்றேன்.

ஆனால் சத்தியம் செய்திருந்தேன் அல்லவா, அதை மறக்கவில்லை. "அப்படியும் காது ஏன் போயிற்று மேடம்?" என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். இந்த நோயில் சில பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து கொடுத்தாலும் காது போய்விடும்; முதல் நாளே ஆரம்பித்திருக்கிறார்கள் என்றால் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்திருக்கிறார்கள்; யார் மேலும் தவறு இல்லை. "இதை உன் அக்காவிடம் போய்ச் சொல். இப்படிப்பட்ட குடும்பங்கள் காலமெல்லாம் தங்களையே பழி சொல்லிக்கொண்டிருப்பார்கள், அது தேவையில்லை" என்றார். நல்ல மனுஷி. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

26 ஜூன்

பலகையில் பேர் போட்டார்கள். என் பேர் இருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அடுத்த வீட்டுக்கு போன் செய்தேன், அப்பா ஓடி வந்து எடுத்தார். சீட் கிடைத்ததைச் சொன்னேன், விம்மினார். பேராசிரியர் சொன்னதையும் சொன்னேன். அதை ஏன் போனிலேயே சொன்னேன் என்று தெரியவில்லை. "அப்போ நம்ம தப்பு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று அப்பா கேட்டார். இல்லையாம்ப்பா என்றேன்.

28 ஜூன்

வீட்டுக்கு வந்தேன். ஐயர், பெரியப்பா, பாட்டுக்குழு, தெருக்காரர்கள் என்று கூடம் நிறைய ஆட்கள். நன்றி ஜெபம். டாக்டர் எட்வின் எனக்குப் பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டு, படிச்சிட்டு நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்துரணும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா கேசரியில் உப்புப் போட்டுவிட்டாள், அதையும் சாப்பிட்டார்கள்.

அப்பா ஆளே மாறியிருந்தார். பத்து வருடமாக, கமிட்டிக்கு வரச் சொன்ன அன்று தவிர, அவர் அக்காவின் முகத்துக்கு நேராக நின்று இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. இன்று அவள் தோள் இரண்டையும் பிடித்துத் திருப்பி, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், "எப்படியும் போயிருக்குமாம்மா. பெரிய டாக்டரே சொல்லிட்டாங்க. யாரு தப்பும் இல்லையாம்" என்றார். இரண்டு தடவை சொன்னார், அவள் உதட்டைச் சரியாகப் படிக்கட்டும் என்று. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் கூட்டத்தைத் தாண்டி, கேசரித் தட்டோடு நின்ற என்னிடம் வந்தாள்.

"எத்தனாம் நாள்னு சொன்ன?"

பாட்டுக்குழு ஒரு கீர்த்தனையை ஆரம்பித்திருந்தது. டாக்டர் எட்வினின் கனத்த குரல் தனியாகக் கேட்டது. நான் திரும்பிக்கொண்டிருக்கலாம். அவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு முகத்தைத் திருப்பினால் போதும். ஆனால் அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் வைத்திருந்தாள்.

"முதல் நாள்" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். "அப்போ நீ எனக்காகக் கேக்கலட்டி" என்றாள். "வேற யாரோ ஒரு பிள்ளைக்குக் கேட்டுட்டு வந்திருக்க."

பாட்டுச் சத்தத்தில் மற்றவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அப்பா கூடத்தின் அந்த மூலையிலிருந்து, இன்னும் ஈரமான கண்ணோடு, "என்னம்மா சொல்லுதா?" என்று கேட்டார்.

"சந்தோஷமா இருக்குன்னு சொல்லுதாப்பா" என்றேன்.

அக்கா என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.